ஸ்டியரிங் கண்ட்ரோல் கார்டுல ஃபால்ட்டா? கார்ட கழட்டுறதுக்கு முன்னாடி இத பாருங்க

கப்பலோட ஸ்டியரிங்ல ஏதோ கோளாறுன்னு பிரிட்ஜ்ல இருந்து போன் வந்த உடனே முதல்ல வர்ற கேள்வி "ஸ்பேர் கார்டு இருக்கா"ங்கறதுதான். அது கடைசில வர வேண்டிய கேள்வி. கார்டுன்னா ஸ்டியரிங்க ஓட்டுற எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு. அது தானா சாகுறத விட வெளிய இருக்குற ஏதோ ஒண்ணு, ஃபீட்பேக் பாட்டோ (பொட்டென்ஷியோமீட்டர், சுத்துனா வோல்டேஜ் மாறுற பார்ட்), சொலினாய்டு காயிலோ (வால்வ நகர்த்துற மின்காந்தம்), லூசான ஒரு ஒயரோ, அது கெட்டுப்போய் பழி கார்டு மேல விழுறதுதான் அதிகம், சில சமயம் அதுவே கார்ட எரிச்சும் விட்ரும். கையில இருக்குற ஒரே ஸ்பேர அவசரத்துல மாட்டி அதையும் எரிச்சுட்டா அடுத்த போர்ட் வரைக்கும் ஒத்த சிஸ்டத்த நம்பித்தான் போகணும். புதுசா ஈடிஓவா (எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர்) ஏறுறவங்க, ஈடிஓ இல்லாத கப்பல்ல எலக்ட்ரிக்கல் வேலையும் தலைல விழுந்த இன்ஜினியருங்க, உங்களுக்காக நான் பாக்குற வரிசைய அப்படியே எழுதுறேன்.

கார்டு என்ன வேலை செய்யுதுன்னு ஒரு தடவை மனசுல ஓட்டிக்கோங்க. பிரிட்ஜ்ல வீல திருப்புனா ஒரு பாட் சுத்தி ஒரு வோல்டேஜ் வருது, அது ஆர்டர். பின்னாடி ஸ்டியரிங் கியர் ரூம்ல ரட்டர் (சுக்கான்) ஸ்டாக்கோட ஒரு லிங்க் ராட்ல இணைச்ச ஃபீட்பேக் யூனிட்ல இருந்து இன்னொரு வோல்டேஜ் வருது, அது ரட்டர் இப்ப நிக்கிற இடம். கார்டுல இருக்குற சர்வோ ஆம்ப்ளிஃபையர் ரெண்டையும் கழிச்சுப் பாக்குது, வித்தியாசம் இருந்தா போர்ட் (இடது) பக்கமோ ஸ்டார்போர்டு (வலது) பக்கமோ சொலினாய்ட எனர்ஜைஸ் பண்ணுது, ஆயில் போய் ரட்டர் நகருது, நகர நகர வித்தியாசம் குறைஞ்சு கடைசில சொலினாய்டு டிராப் ஆகுது. சில கப்பல்ல சொலினாய்டுக்கு பதிலா டார்க் மோட்டாரோ ப்ரொபோர்ஷனல் வால்வோ இருக்கும், ஆனா கணக்கு ஒண்ணுதான். இதுக்குப் பேருதான் ஃபாலோ-அப். நான்-ஃபாலோ-அப்ல இந்தக் கழித்தல் வேலையே கிடையாது, லீவர புடிச்சுட்டு இருக்குற வரைக்கும் சொலினாய்டு எனர்ஜைஸ் ஆகி ரட்டர் போய்க்கிட்டே இருக்கும், விட்டா நிக்கும். இந்த ஒரு வித்தியாசம்தான் ஃபால்ட் கண்டுபிடிக்க நமக்குக் கிடைச்ச பெரிய ஆயுதம்.

இன்னொண்ணு, நம்ம கையில ரெண்டு சிஸ்டம் இருக்கு. 1978 மார்ச்ல பிரான்சோட பிரிட்டனி கரைல அமோகோ காடிஸ் டேங்கர் ஸ்டியரிங் ஹைட்ராலிக்ஸ் போய் பாறைல மோதி ஏறக்குறைய 2,20,000 டன் ஆயில் கொட்டுச்சு, அதுக்கப்புறம்தான் ஸ்டியரிங் கியர் ரூல்ஸ் ரொம்ப இறுகுச்சு. இன்னைக்கு சோலாஸ் (கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) அத்தியாயம் 2-1, ரெகுலேஷன் 29 படி பவர்ல ஓடுற மெயின் ஸ்டியரிங் கியருக்கு பிரிட்ஜ்ல இருந்தும் கண்ட்ரோல் பண்ணணும், ஸ்டியரிங் கியர் ரூம்ல இருந்தும் கண்ட்ரோல் பண்ணணும். ஒரே மாதிரி ரெண்டு பவர் யூனிட் வெச்ச கப்பல்னா பிரிட்ஜ்ல இருந்து இயங்குற ரெண்டு தனித்தனி கண்ட்ரோல் சிஸ்டம் வேணும், ஆனா வீலும் ரெண்டு வேணும்னு சொல்லல. கண்ட்ரோலுக்கான சப்ளையும் அந்தந்த ஸ்டியரிங் பவர் சர்க்யூட்ல இருந்து ஸ்டியரிங் கியர் ரூமுக்குள்ளயே எடுத்திருக்கணும், இல்லன்னா ஸ்விட்ச்போர்டுல இருந்து நேரா வரணும். ரட்டர் ஆங்கிள் இன்டிகேட்டர் கண்ட்ரோல் சிஸ்டத்த சாராம தனியா இருக்கணும்னும் அதே ரெகுலேஷன் சொல்லுது. இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா ஒரு சிஸ்டம் தப்பு பண்ணும்போது இன்னொரு சிஸ்டமும் இன்டிகேட்டரும் நமக்கு சாட்சி.

கைய வைக்கிறதுக்கு முன்னாடி பிரிட்ஜ்ல பேசி நல்லா இருக்குற சிஸ்டத்துக்கு மாத்தச் சொல்லுங்க, கேப்டனுக்கும் சீஃபுக்கும் தெரியணும், பெர்மிட் போடணும். ட்ராஃபிக் உள்ள இடம், சேனல், பைலட்டேஜ், இங்கெல்லாம் கார்டு பெட்டியவே திறக்காதீங்க, அந்த மாதிரி இடத்துல ரெண்டு பம்பும் ஓடணும்னு சோலாஸ் அத்தியாயம் 5ல சொல்லியிருக்கு, அங்க உங்க வேலை எமர்ஜென்சி ஸ்டியரிங்குக்கு ஆளையும் போனையும் ரெடியா வெக்கிறதுதான். திறந்த கடல்ல, வாட்ச்ல இருக்குறவர் ஒத்துக்கிட்ட பிறகுதான் மத்ததெல்லாம்.

ரட்டர் தானா ஹார்டு ஓவர் (ஒரு பக்கம் கடைசி வரைக்கும்) போகுதுன்னு சொன்னா ஒரு செகண்டும் யோசிக்காம நான்-ஃபாலோ-அப்புக்கு மாத்தச் சொல்லுங்க, இல்லன்னா அடுத்த சிஸ்டத்துக்கு. ஃபீட்பேக் ஒயர் அறுந்தா இதுதான் நடக்கும். வைப்பர் (பாட்ல நகர்ற தொடுமுனை) ஒயர் போச்சுன்னு வெச்சுக்கோங்க, நிறைய கார்டுல இன்புட் மிட்ஷிப் (ரட்டர் நேரா, 0 டிகிரி) மாதிரி தெரியும், வீல 5 டிகிரி போர்ட் வெச்சா ரட்டர் போகுது, ஆனா ஃபீட்பேக் மிட்ஷிப்லயே நிக்கிறதால கார்டுக்கு வித்தியாசம் குறையவே குறையாது, லிமிட் ஸ்விட்ச் வரைக்கும் தள்ளிக்கிட்டே இருக்கும். கார்டு அங்க தன் வேலைய சரியாத்தான் பண்ணுது, பொய் சொன்னது ஃபீட்பேக்.

இப்ப ஃபால்ட்ட பிரிக்கிறது எப்படின்னு பாக்கலாம். முதல்ல அதே சிஸ்டத்துல நான்-ஃபாலோ-அப் போட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் ரட்டர் ஒழுங்கா போச்சுன்னா பம்பு, வால்வு, சொலினாய்டு, அதுக்குப் போற கேபிள் எல்லாம் நல்லா இருக்கு, மிச்சம் இருக்குறது வீல் பாட், ஃபீட்பேக், ஆம்ப்ளிஃபையர் மூணுதான். ஆனா ட்ராயிங்க பாத்துக்கோங்க, சில டிசைன்ல நான்-ஃபாலோ-அப் லீவரும் அதே அவுட்புட் ரிலே வழியாத்தான் போகும், சில டிசைன்ல நேரா சொலினாய்டுக்குப் போகும், அத தெரியாம முடிவுக்கு வரக்கூடாது. நான்-ஃபாலோ-அப்லயும் போகலன்னா ஸ்டியரிங் கியர் ரூமுக்கு ஒருத்தர் போய் பிரிட்ஜோட பேசிக்கிட்டே அந்த பம்போட சொலினாய்டு வால்வு ரெண்டு முனைலயும் இருக்குற மேனுவல் பின்ன அழுத்திப் பாக்கணும். பின்ன அழுத்துனா ரட்டர் போகுது, கரண்ட்ல போகலன்னா ஃபால்ட் எலக்ட்ரிக்கல். பின்ன அழுத்தியும் போகலன்னா கார்டு பெட்டிய மூடிட்டு இன்ஜினியர கூப்பிடுங்க, ஸ்பூல் ஜாம், பைலட் ப்ரஷர், பைபாஸ் வால்வுன்னு அது வேற வழி. இதுக்கு ஆகுற நேரம் கொஞ்சம்தான், ஆனா இந்த ஒரு சோதனையே பாதி வேலைய முடிச்சுடும்.

ஒரு பக்கம் மட்டும் போகலன்னா அது ஒரு நல்ல க்ளூ. அந்தப் பக்க காயில், அந்தப் பக்க அவுட்புட் ட்ரான்சிஸ்டர் இல்ல ரிலே, அப்புறம் எல்லாரும் மறக்குற அந்தப் பக்க லிமிட் ஸ்விட்ச். லிமிட் ஸ்விட்ச் ஓப்பன்லயே மாட்டிக்கிச்சுன்னா கார்டு எவ்வளவு கத்தினாலும் அந்தப் பக்கம் சொலினாய்டு எடுக்காது. ஆப்-ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர் சிப்) வெச்ச பழைய கார்டா இருந்தா பிளஸ் 15, மைனஸ் 15 ரெண்டு சப்ளையும் இருக்கான்னு பாருங்க, ரெண்டுல ஒண்ணு போனாலும் ரட்டர் ஒரே பக்கமா இழுக்கும்.

இப்ப ஃபீட்பேக் யூனிட். இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன், ஏன்னா "கார்டு ஹன்ட்டிங் ஆகுது"ன்னு (ரட்டர் ஓரிடத்துல நிக்காம ஆடுதுன்னு) சொல்ற கேஸ்ல நிறைய இங்கதான் முடியும். யோசிச்சுப் பாருங்க, கப்பல் நாள் முழுக்க நேரா போகுது, ரட்டர் மிட்ஷிப்ப சுத்தி ரெண்டு மூணு டிகிரிலயே ஆடிக்கிட்டு இருக்கு, அப்ப பாட்டோட ட்ராக் எங்க தேயும்? நடுவுல. அதனாலதான் மிட்ஷிப் பக்கத்துல ரட்டர் நிக்காம ஆடும், 10 டிகிரி 15 டிகிரி குடுத்தா கல்லு மாதிரி நிக்கும். இந்த அறிகுறி தெரிஞ்சா கார்டுல கெயின் ட்ரிம்ம (திருப்பி அட்ஜஸ்ட் பண்ற சின்ன பாட்) தொடாதீங்க, பாட்ட பாருங்க.

டெஸ்ட் பண்றது இப்படி. அந்த சிஸ்டத்த ஆஃப் பண்ணி, ஃபீட்பேக் ஒயர கழட்டி, லிங்க் ராட பிரிச்சுட்டு, வைப்பருக்கும் ஒரு முனைக்கும் நடுவுல ஓம்ஸ்ல வெச்சு கையால மெதுவா சுத்துங்க. டிஜிட்டல் மீட்டர்ல நம்பர் ஓடுறதுல தப்பு தெரியாது, முள்ளு மீட்டர் இருந்தா அத எடுங்க, முள்ளு ஒரே சீரா ஏறணும், நடுவுல ஒரு இடத்துல துள்ளுச்சுன்னா அதுதான். கழட்டாம பாக்கணும்னா வோல்டேஜ்லயும் பாக்கலாம், உதாரணத்துக்கு 0 முதல் 10 வோல்ட் ரெஃபரன்ஸ்னா மிட்ஷிப்ல வைப்பர் 5 வோல்ட் பக்கத்துல இருக்கணும், ரட்டர் நகராம நிக்கும்போது அந்த ரீடிங் ஆடக்கூடாது. லிங்க் ராட கழட்டுறதுக்கு முன்னாடி ஆர்ம் எந்த ஆங்கிள்ல இருந்துச்சுன்னு பெயின்ட் மார்க்கர்ல கோடு போட்டு போட்டோ எடுத்துக்கோங்க, இல்லன்னா திரும்ப மாட்டும்போது புது ஃபால்ட் ஒண்ண நீங்களே உண்டாக்கிடுவீங்க. பாட் இல்லாம காந்தத்துல வேலை செய்ற சென்சார் இருந்தா தேய்மானம் கிடையாது, ஆனா லிங்கேஜ் தேயும்.

அந்த லிங்கேஜ் ப்ளேக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு. வீல 0ல இருந்து போர்ட் 10க்கு கொண்டு வந்து நிறுத்தி, டில்லர்ல (ரட்டர் ஸ்டாக்க திருப்புற கை) இருக்குற மெக்கானிக்கல் ஸ்கேல படிங்க. அப்புறம் போர்ட் 20க்கு போய்ட்டு திரும்ப 10க்கு வந்து மறுபடி படிங்க. முதல்ல 11, ரெண்டாவது 9ன்னு வந்தா பால் ஜாயின்ட்ல ஆட்டம் இருக்கு, இல்ல ஆர்ம் கிளாம்ப் ஸ்க்ரூ லூஸ். ஸ்டியரிங் கியர் ரூம் ப்ரொபெல்லருக்கு மேல உக்காந்திருக்கு, அங்க அதிர்வு ஓயவே ஓயாது, ஸ்க்ரூ லூசாகுறது சகஜம்.

ஒயரிங் பத்தி. டெர்மினல் ஸ்க்ரூ ஒவ்வொண்ணா, சப்ளை ஆஃப்ல, சரியான சைஸ் ஸ்க்ரூ டிரைவர்ல இறுக்கிப் பாருங்க, பிறகு ஒவ்வொரு ஒயரையும் லேசா இழுத்துப் பாருங்க. இத சின்ன விஷயமா நினைக்காதீங்க. 2024 மார்ச் 26 பால்டிமோர்ல டாலி கப்பல் பாலத்துல மோதி பாலத்துல வேலை செஞ்சுக்கிட்டிருந்த 6 பேர் செத்தாங்க, அமெரிக்க விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 2025 நவம்பர்ல சொன்ன காரணம், ஒயர் நம்பர் லேபிள் தப்பான இடத்துல சுத்தியிருந்ததால ஒரு சிக்னல் ஒயர் ஸ்ப்ரிங் டெர்மினலுக்குள்ள முழுசா போகல, அந்த லூஸ் கனெக்ஷன்ல பிரேக்கர் ட்ரிப் ஆகி பிளாக்அவுட் ஆகி ப்ரொபல்ஷனும் ஸ்டியரிங்கும் போச்சு. ஒரே ஒரு ஒயர். அதனால ஸ்ப்ரிங் டெர்மினல்ல ஃபெரூல் உலோகம் முழுசா உள்ள போயிருக்கா, ப்ளாஸ்டிக் காலரோ லேபிள் ஸ்லீவோ குறுக்க நிக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

24 வோல்ட்ல எர்த் ஃபால்ட் இருக்கான்னும் பாத்துக்கோங்க, பிளஸ்ல இருந்து ஹல்லுக்கும் மைனஸ்ல இருந்து ஹல்லுக்கும் அளந்தா ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும், ஒரு பக்கம் 0 இன்னொரு பக்கம் 24ன்னா எங்கயோ உரசுது. இன்சுலேஷன் பாக்கணும்னு 500 வோல்ட் மெகர (இன்சுலேஷன் டெஸ்டர்) எடுத்துட்டு வர்றீங்களா, கேபிளோட ரெண்டு முனையும் கழட்டி, கார்டு இணைப்பு ஒண்ணு கூட இல்லன்னு உறுதி பண்ணிட்டுத்தான் போடணும். கார்டோட மெகர் போட்டா அந்த கார்டு அங்கயே முடிஞ்சது.

அடுத்து காயில். புது கார்டு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு காயிலோட ரெசிஸ்டன்ஸையும் அளந்து ஒண்ணுக்கொண்ணு ஒப்பிடுங்க. 24 வோல்ட் டிசி, 30 வாட் காயில்னா சுமார் 19 ஓம் வரும், 1.25 ஆம்பியர் எடுக்கும். ஒண்ணு 19, இன்னொண்ணு 8ன்னு காட்டுனா டர்ன்ஸ் ஷார்ட், அதுதான் அவுட்புட் ட்ரான்சிஸ்டர சாகடிச்சிருக்கு, புது கார்டையும் அதே மாதிரி சாகடிக்கும். டிசி காயில் குறுக்க இருக்குற ஃப்ரீவீல் டயோட மறந்துடாதீங்க, சில வால்வுல அது பிளக் உள்ளயே இருக்கும், டயோடு ஓப்பன் ஆயிட்டா ஒவ்வொரு தடவை காயில் ஆஃப் ஆகும்போதும் சில நூறு வோல்ட் ஸ்பைக் கார்டுக்குத் திரும்பி வரும். காயில் நல்லா இருக்கு, கார்டு மட்டும் திரும்பத் திரும்ப போகுதுன்னா முதல் சந்தேகம் அந்த டயோடு மேல வெக்கணும். பிளக் மாத்தும்போது டயோடு இல்லாத பிளக்க போட்டுடறதும் நடக்கும். ஏசி காயில்னா அங்க டயோடு இருக்காது, வேரிஸ்டரோ ஆர்சி ஸ்னப்பரோ இருக்கும்.

இதெல்லாம் தாண்டி வந்தாத்தான் கார்டு. பவர் ஆஃப் பண்ணி, கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆக கொஞ்சம் நேரம் விட்டு, ரிஸ்ட் ஸ்ட்ராப் மாட்டிட்டு வெளிய எடுங்க. நல்ல வெளிச்சத்துல பாருங்க, மேல உப்பின எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், கால் பக்கத்துல ப்ரவுன் கசிவு, கருகின ரெசிஸ்டர், ரிலே கால்ல சோல்டர சுத்தி வளையமா ஒரு வெடிப்பு. எடை அதிகமான பார்ட் எல்லாத்துக்கும் அந்த வளைய வெடிப்பு வரும், அதிர்வோட வேலை அது. கெப்பாசிட்டர பொறுத்தவரை சூடு 10 டிகிரி ஏறுனா ஆயுசு பாதியா குறையும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு, அதனால கேபினட் ஃபேன் நின்னு ஃபில்டர் அடைச்சுக்கிடந்தா அங்க இருந்து ஆரம்பிங்க. கார்டு ஓடும்போது சப்ளைய ஏசி மில்லிவோல்ட்ல அளந்தா ரிப்பிள் தெரியும், நல்ல ரெகுலேட்டட் சப்ளைல சில பத்து மில்லிவோல்ட்டத் தாண்டக்கூடாது. எட்ஜ் கனெக்டர ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுத் துணியால துடைங்க, எமரி பேப்பர் போட்டா கோல்டு ப்ளேட்டிங் போயிடும். துடைச்சு திரும்ப சொருகுனதுலயே சரியான கார்டு நிறைய உண்டு, அப்படி சரியாச்சுன்னா கனெக்டர்தான் காரணம்னு எழுதி வைங்க, கொஞ்ச நாள்ல திரும்ப வரும்.

ப்ராசசர் வெச்ச புது கார்டுகள்ல ஆப்-ஆம்ப் வேலைய சாஃப்ட்வேர் பண்ணுது, ட்ரிம் பாட்டுக்கு பதிலா பாராமீட்டர் இருக்கும். அங்க எரர் கோடையும் எல்இடி சிமிட்டுற விதத்தையும் முதல்ல எழுதி வைங்க, ரீசெட் பண்ணிட்டா அது போயிடும். பாராமீட்டர் எல்லாத்தையும் நல்லா இருக்கும்போதே ஒரு தடவை போட்டோ எடுத்து வெச்சுக்கிறது எவ்வளவு பெரிய உதவின்னு கார்டு மாத்துற அன்னைக்குத் தெரியும்.

ஸ்பேர் மாட்டும்போது பழசையும் புதுசையும் ஆன்டி-ஸ்டாட்டிக் பை மேல பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க. பார்ட் நம்பர், ரிவிஷன், ஜம்பர், டிப் ஸ்விட்ச், சாஃப்ட்வேர் வெர்ஷன். ஸ்பேர் பொதுவான செட்டிங்ல வரும், உங்க கப்பலுக்குன்னு வராது. ட்ரிம் பாட் எந்த நிலைல இருக்குன்னு பழசப் பாத்து வைக்கலாம், ஆனா அது ஆரம்பப் புள்ளிதான், கடைசி அட்ஜஸ்ட்மென்ட் ரட்டர பாத்துத்தான் பண்ணணும்.

அட்ஜஸ்ட்மென்ட்ல வரிசை முக்கியம். துறைமுகத்துலயோ ஆங்கர்லயோ ரட்டர சுத்தி ஆள் யாரும் வேலை செய்யலன்னு உறுதி பண்ணி, ஆட்டோபைலட் ஆஃப்ல, ஹேண்ட்ல வெச்சு ஆரம்பிங்க. முதல்ல ஸீரோ, வீல் மிட்ஷிப்ல இருக்கும்போது டில்லர் ஸ்கேல்ல 0. ஃபீட்பேக் ஆர்ம் நேரா நிக்கிற நிலைல பெரிய வித்தியாசத்த எடுத்துட்டு மிச்சத்த மட்டும் கார்டு ட்ரிம்ல எடுங்க. அப்புறம் ஸ்பான், 35 டிகிரி குடுத்தா 35 வரணும், ரெண்டு பக்கமும். ஸ்பான தொட்டா ஸீரோ கொஞ்சம் நகரும், திரும்பப் போய்ப் பாருங்க, ரெண்டும் சேர்ற வரைக்கும். எலக்ட்ரிக்கல் லிமிட் மெக்கானிக்கல் ஸ்டாப்புக்கு முன்னாடியே கட் பண்ணணும். கடைசியா டெட்பேண்ட் (கார்டு கண்டுக்காம விடுற சின்ன வித்தியாசம்), பொதுவா அரை டிகிரில இருந்து ஒரு டிகிரி வரைக்கும், மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது. டெட்பேண்ட ரொம்ப இறுக்கினா சொலினாய்டு நிமிஷத்துக்கு நிமிஷம் டக்கு டக்குன்னு அடிச்சு வால்வும் ரிலேவும் சீக்கிரம் போகும், ரொம்ப விட்டா கப்பல் கோர்ஸ்ல நிக்காம அலையும். ஹன்ட்டிங்க மறைக்கிறதுக்காக டெட்பேண்ட பெருசாக்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன், தேஞ்ச பாட் தேஞ்சுக்கிட்டேதான் போகும்.

பிறகு 5, 10, 20, 35ன்னு ரெண்டு பக்கமும் குடுத்து வீல், பிரிட்ஜ் இன்டிகேட்டர், டில்லர் ஸ்கேல் மூணையும் எழுதுங்க. பம்பு 1 தனியா, பம்பு 2 தனியா, ரெண்டும் சேர்த்து, நான்-ஃபாலோ-அப், லோக்கல் எல்லாம். ஒரு பக்கம் 35ல இருந்து மறுபக்கம் 30க்கு 28 செகண்டுக்குள்ள போகணும்ங்கறது முழு ட்ராஃப்ட்ல முழு வேகத்துல ஓடும்போது உள்ள கணக்கு, ஜெட்டில தண்ணி எதிர்ப்பு இல்லாததால வேகமாவே போகும், அதனால 28க்குள்ள வந்துச்சுன்னு திருப்திப்படாம அந்தக் கப்பலோட பழைய ஜெட்டி ரீடிங்கோட ஒப்பிடுங்க. அலாரமும் பாக்கணும், கண்ட்ரோல் சப்ளை ஃபியூஸ எடுத்தா பவர் ஃபெயில் அலாரம் பிரிட்ஜ்ல அடிக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி 12 மணி நேரத்துக்குள்ள பண்ற ஸ்டியரிங் டெஸ்ட்டையும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பண்ற எமர்ஜென்சி ஸ்டியரிங் ட்ரில்லையும் வெறும் டிக் அடிக்கிற வேலையா விடாம ஒவ்வொரு தடவையும் இந்த வோல்டேஜ் ரீடிங் ரெண்டு மூணு எடுத்து வெச்சா, பாட் தேயறது ஃபால்ட் ஆகுறதுக்கு முன்னாடியே நம்பர்ல தெரியும்.

எடுத்த கார்டுல ஒரு டேக் கட்டி தேதி, எந்த சிஸ்டம், என்ன அறிகுறி, என்ன அளந்தீங்கன்னு எழுதி ஆன்டி-ஸ்டாட்டிக் பைல சிலிக்கா ஜெல்லோட போட்டு ரிப்பேருக்கு அனுப்புங்க, "கெட்டுப்போச்சு"ன்னு மட்டும் எழுதுனா ஒர்க்‌ஷாப்ல மேஜை மேல நல்லா ஓடுதுன்னு அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. ஸ்பேருக்கு ரெக்விசிஷன் அன்னைக்கே போடுங்க. வந்த ஸ்பேர அலமாரில வெக்காம, அடுத்த நல்ல வாய்ப்புல ஒரு தடவை மாட்டி ஓட்டிப் பாத்து, செட்டிங் பண்ணி, "டெஸ்ட் பண்ணியது, சிஸ்டம் 1 செட்டிங்"னு எழுதி பத்திரமா வெச்சுடுங்க.